பங்கில் வாதாடப் போகிறவர்களுக்கு

பங்கு, அதாவது ஒரு கத்தோலிக்கக் கோயிலைச் சேர்ந்த மக்கள், வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழு பெரும்பாலான நாள்களில் அமைதியாகத்தான் இருக்கும். காலையில் அன்றைய நற்செய்தி வாசகம், அதன் கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள், ஞாயிறு பூசை நேரம் மாறிய அறிவிப்பு, 'ஓ பாசிட்டிவ் ரத்தம் அவசரம்', இன்னாருடைய அம்மா காலமானார், அடக்கம் மாலை நாலு மணிக்கு. பிறகு ஒருநாள் யாரோ ஒருவர் எங்கிருந்தோ வந்த செய்தியைத் தட்டிவிடுவார்: 'போப் அனுமதி கொடுத்துட்டார்' என்றோ, 'சர்ச் தடை பண்ணிடுச்சு' என்றோ. அரைமணி நேரத்துக்குள் முப்பது பதில்கள். ஒருவர் குழுவை விட்டு வெளியேறுவார், அட்மின் குழுவைப் பூட்டுவார், அடுத்த ஞாயிறு இரண்டு குடும்பங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும்.

பங்குப் பேரவைக்குப் புதிதாக வந்தவர்கள், அன்பியக் கூட்டங்களுக்கு (பக்கத்துக் குடும்பங்கள் கூடும் பங்கின் சிறு குழுக்கள்) போகத் தொடங்கியிருப்பவர்கள், வேலைக்காக ஊர் மாறி வேறு பங்கில் சேர்ந்தவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கப் பங்குகளை மனத்தில் வைத்துத்தான். வாதாடாதீர்கள் என்று சொல்ல வரவில்லை, தாராளமாக வாதாடுங்கள். மரியாதையாகப் பேசுவது என்றால் 'தயவுசெய்து', 'தவறாக நினைக்க வேண்டாம்' எல்லாம் சேர்த்து எழுதுவது என்று பலர் நினைக்கிறார்கள். என் கணக்கில் மரியாதைக்கு முதல் அடையாளம் துல்லியம். திருச்சபை என்ன சொல்கிறதோ அதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். எதிரே இருப்பவர் சொன்னதையும் அப்படித்தான் சொல்ல வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் சண்டையில்தான் முடியும்.

நமக்குப் பேச உரிமை உண்டா?

'ஃபாதர் சொன்னா சரியாத்தான் இருக்கும், நாம என்னத்தைக் கேட்க' என்று வளர்ந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். ஆனால் திருச்சபையின் சட்டமே வேறு மாதிரி சொல்கிறது. 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 212ஆம் எண், திருச்சபையின் நன்மை சார்ந்த விஷயங்களில் தங்கள் அறிவுக்கும் திறமைக்கும் ஏற்பத் தங்கள் கருத்தை ஆயர், குருக்களிடமும் மற்ற விசுவாசிகளிடமும் தெரிவிப்பது இறைமக்களின் உரிமை என்கிறது. சில நேரங்களில் அது கடமையும்கூட என்கிறது. விசுவாசத்துக்குக் குந்தகம் வரக் கூடாது, மேய்ப்பர்களுக்கு உரிய மரியாதை குறையக் கூடாது, பொது நன்மையையும் ஆள்களின் மாண்பையும் மனத்தில் கொள்ள வேண்டும் என்ற நிபந்தனைகளும் அதே வாக்கியத்திலேயே இருக்கின்றன. சட்டத்தின் முதல் பாதியை மட்டும் எடுத்துப் போட்டு ஃபாதரை மிரட்டுகிறவர்கள் உண்டு. பின்பாதியை மட்டும் எடுத்துப் போட்டு மற்றவர்களின் வாயை அடைக்கிறவர்களும் உண்டு. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

இன்னொரு வரியும் தெரிந்திருப்பது நல்லது. உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 'இன்றைய உலகில் திருச்சபை' ஏட்டின் 43ஆம் பத்தி, நேர்மையான விசுவாசிகளே உலக விவகாரங்களில் வேறு வேறு முடிவுக்கு வரக்கூடும் என்பதை ஏற்றுக்கொள்கிறது. அப்படிப்பட்ட விஷயங்களில் யாரும் தன் கருத்துக்கு மட்டும் திருச்சபையின் அதிகாரத்தைத் துணைக்கு இழுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. தேர்தல் நேரத்தில் பங்குக் குழுக்களில் இந்தப் பத்தியை ஒட்டி வைத்தால்கூடத் தப்பில்லை.

எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள்

சண்டைகளில் பாதிக்கு மேல் காரணம், ஒருவர் ஒரு படியில் நின்று பேச, மற்றவர் வேறொரு படியில் நின்று பதில் சொல்வதுதான். அதனால் எதையும் எழுதுவதற்கு முன்பு, பேசப்படும் விஷயம் எந்த வகை என்று பாருங்கள்.

விசுவாசக் கோட்பாடுகள் ஒரு வகை: மூவொரு கடவுள், உயிர்த்தெழுதல், நற்கருணையில் கிறிஸ்துவின் உடனிருப்பு, 1950இல் அறிவிக்கப்பட்ட மரியாவின் விண்ணேற்பு போன்றவை. இவற்றை எப்படிப் புரிந்துகொள்வது என்று கேட்கலாம், ஓட்டெடுப்பு நடத்த முடியாது. அடுத்தது ஒழுக்கம் பற்றிய போதனை: கருக்கலைப்பு, போப்பின் 1968ஆம் ஆண்டுச் சுற்றுமடல் பேசிய செயற்கைக் கருத்தடை, மரண தண்டனை. இவை அதிகாரத்தோடு கற்பிக்கப்படுபவை. அதே நேரத்தில் காலப்போக்கில் தெளிவு கூடிவருபவையும் உண்டு.

மூன்றாவது ஒழுங்குமுறை. இது மாறும், மாறியும் இருக்கிறது. 1953க்கு முன்பு நற்கருணை வாங்க நள்ளிரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. இப்போது ஒரு மணி நேர நோன்பு போதும். இலத்தீன் வழிபாட்டு முறைக் குருக்களின் மணத்துறவும் இந்த வகைதான். ரோமோடு ஒன்றித்த கிழக்கத்தியத் திருச்சபைகள் பலவற்றில் மணமானவர்கள் குருக்களாக இருக்கிறார்கள். உடலை எரிப்பதற்கு 1963இல் அனுமதி வந்தது. அடக்கம் செய்வதையே திருச்சபை விரும்புகிறது என்றாலும், விசுவாசத்துக்கு எதிரான நோக்கம் இல்லாதவரை எரிப்பது தடை இல்லை. அஸ்தியைக் கடலில் கரைக்கவோ தூவவோ கூடாது என்று 2016இல் வத்திக்கான் விளக்கம் கொடுத்தது. கல்லறைத் தோட்டத்தில் இடம் இல்லாத நகரப் பங்குகளில் இது அடிக்கடி வரும் பேச்சு, அதனால் விவரம் கையில் இருக்கட்டும்.

நான்காவது, போதனையை நாட்டு நடப்புக்குப் பொருத்திப் பார்ப்பது. இடிந்தகரை லூர்து மாதா கோயில் வளாகத்தில் 2011 முதல் கூடங்குளம் அணுஉலைக்கு எதிராக மக்கள் உட்கார்ந்தபோது, அதே விசுவாசத்தை வைத்துக்கொண்டே 'மின்சாரம் வேண்டாமா' என்று கேட்ட கத்தோலிக்கர்களும் இருந்தார்கள். படைப்பைப் பேண வேண்டும், ஏழைகளின் குரலைக் கேட்க வேண்டும் என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. ஆனால் அந்த உலை பாதுகாப்பானதா என்பதற்கு மறைக்கல்வி நூலில் (திருச்சபையின் போதனைத் தொகுப்பு) விடை இல்லை.

ஐந்தாவது ஊர் வழக்கம். கொடியேற்றம், சப்பரம், யார் முதலில் மாலை போடுவது போன்ற சமாசாரங்கள். பூசையில் ஆரத்தி எடுப்பதும் குத்துவிளக்கு ஏற்றுவதும் 'இந்துப் பழக்கம்' என்று யாராவது கிளம்பினால், மலர், விளக்கு, ஆரத்தி உள்ளிட்ட 12 அம்சங்களை இந்திய வழிபாட்டில் சேர்க்க ரோம் 1969இலேயே ஒப்புதல் தந்தது என்று சொல்லலாம். ஒருவருக்கு அது பிடிக்காமல் இருக்கலாம். ஆனால் அதைத் தப்பறை (விசுவாசத்துக்கு முரணான கொள்கை) என்று சொல்ல முடியாது.

ஒரே மாதிரி தெரியும் இரண்டு கேள்விகள் வேறு வேறு படியில் இருப்பதும் உண்டு. பெண்களுக்குக் குருத்துவம் தர திருச்சபைக்கு அதிகாரமே இல்லை, இது உறுதியாக ஏற்கப்பட வேண்டியது என்று 1994இல் போப் இரண்டாம் யோவான் பவுல் எழுதினார். பெண் தியாக்கோன்கள் (குருவுக்கு முந்தைய படியில் உள்ள திருத்தொண்டர்கள்) பற்றிய கேள்வியையோ 2024 ஆயர் மாமன்றத்தின் இறுதி ஏடு இன்னும் திறந்திருக்கும் கேள்வி என்றே விட்டிருக்கிறது. இந்த வித்தியாசம் தெரியாமல் ஒருவர் 'பெண்கள்னாலே ஆகாது' என்பார், இன்னொருவர் 'எல்லாம் சீக்கிரம் மாறிடும்' என்பார். இரண்டுமே தவறான தகவல்.

எந்தப் படி என்பதே பெரிய சர்ச்சையாவதும் உண்டு. அதற்கு நம் மண்ணிலேயே பழைய உதாரணம் இருக்கிறது. 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி, துறவியைப் போல் உடுத்தி, மரக்கறி உண்டு வாழ்ந்தார். திருமுழுக்குப் பெற்ற பிராமணர்கள் பூணூலும் குடுமியும் சந்தனமும் வைத்துக்கொள்ளலாம், அவை சமூக வழக்கம்தான், மதச் சடங்கு இல்லை என்றார். அவருக்கு முன்பே மதுரையில் இருந்த சக இயேசு சபையாளர் கொன்சாலோ பெர்னாந்தஸ் அதை எதிர்த்து மேலிடத்துக்கு எழுதினார். நொபிலி சமஸ்கிருத நூல்களை எல்லாம் மேற்கோள் காட்டிப் பதில் எழுதினார். 1619இல் கோவாவில் விவாதம், 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரியின் அனுமதி. ஒரே சபையைச் சேர்ந்த இருவர், ஆதாரத்தோடு எழுதி எழுதியே ஒரு கேள்வியை ரோம் வரை கொண்டுபோனார்கள் என்பது பாராட்ட வேண்டியதுதான். ஆனால் 'இது வெறும் சமூக வழக்கம்' என்று திறந்த அதே வாசல் வழியாகச் சாதியும் கோயிலுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அதைப் பற்றிக் கீழே.

மூலத்தைத் திறந்து பாருங்கள்

போப் சொன்னதாக வரும் செய்திகளில் பாதியை நம்ப முடியாது. 2013இல் 'மூன்றாம் வத்திக்கான் சங்கம்' நரகம் என்பதே இல்லை என்று முடிவெடுத்ததாக ஒரு நையாண்டிக் கட்டுரை, உண்மைச் செய்தியாகவே உலகம் சுற்றியது. 2023 மார்ச்சில் போப் பிரான்சிஸ் வெள்ளைப் பஃபர் ஜாக்கெட் போட்டிருந்த படம் கணினி உருவாக்கியது. இப்போது குரலையும் போலியாகச் செய்கிறார்கள். ஆகவே போப் சொன்னதாக ஏதாவது வந்தால், எந்த ஏடு, எந்த ஆண்டு, எத்தனையாவது பத்தி என்று கேளுங்கள். வத்திக்கானின் இணையதளத்தில் ஏடுகள் முழுமையாக இருக்கின்றன. வத்திக்கான் நியூஸ் தமிழிலும் வருகிறது. மறைக்கல்வி நூலில் மொத்தம் 2865 பத்திகள், ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. எண்ணைச் சொல்லி எழுதினால் எவரும் சரிபார்க்கலாம்.

பதிப்பையும் பாருங்கள். மரண தண்டனை பற்றிய பகுதியையே (இன்றைய 2267ஆம் பத்தி) எடுத்துக்கொள்வோம். 1992இல் முதலில் வெளிவந்தபோது மிகக் கடுமையான குற்றங்களுக்கு அரசு மரண தண்டனை தருவதைத் திருச்சபை விலக்கவில்லை. 1997இல் திருத்திய பதிப்பில், அப்படிப்பட்ட தேவை இந்தக் காலத்தில் அநேகமாக இல்லை என்ற அளவுக்குச் சுருக்கினார்கள். 2018 ஆகஸ்டில் போப் பிரான்சிஸ், மரண தண்டனை ஏற்கத் தகாதது என்று மாற்றினார். பங்கு நூலகத்தில் இருக்கும் பழைய பிரதியின் பக்கத்தை ஒருவர் படம் பிடித்துப் போட்டால் அவர் பொய் சொல்லவில்லை. அவர் கையில் இருப்பது பழைய பதிப்பு. 'இது 2018இல் மாறியிருக்கிறது, புதிய வாசகம் இதோ' என்று போட்டால் போதும். 'படிச்சிட்டுப் பேசுங்க' என்று சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

ஒரு பதிலை எழுதிப் பார்ப்போம்

ஒரு குழந்தைக்கு நேர்ந்த கொடுமை செய்தியில் வந்திருக்கிறது. குழுவில் வயதில் மூத்த ஒருவர் எழுதுகிறார்: 'இவனுக்கெல்லாம் மனித உரிமையா? தூக்குல போடணும். இதுல சர்ச் வேற வக்காலத்து.'

வழக்கமாக வரும் பதில் இது: 'திருச்சபையின் போதனைக்கு எதிராகப் பேசுகிறீர்கள். மறைக்கல்வி 2267 பார்க்கவும்.' தகவல் சரி. ஆனால் மனம் கொதித்துப்போய் எழுதியவரை இது குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறது. அவர் இனி போதனையைப் பற்றிப் பேச மாட்டார், தன் மானத்தைக் காப்பாற்றத்தான் பேசுவார்.

இப்படி எழுதிப் பாருங்கள்:

'அண்ணே, அந்தச் செய்தியைப் படிச்சதிலிருந்து எனக்கும் மனசு ஆறல. செஞ்சவன் தப்பிச்சிடக் கூடாது, இன்னொரு பிள்ளைக்கு இப்படி நடக்கக் கூடாதுன்னு நீங்க சொல்றீங்க. அதுல நான் உங்க பக்கம்தான். உயிரை எடுக்கலாமாங்கிற இடத்துலதான் நிக்கிறேன். நாம மறைக்கல்வி வகுப்புல படிச்சப்போ மிக அரிதா அனுமதி உண்டுன்னுதான் இருந்துச்சு. 2018-ல அதை மாத்திட்டாங்க. சொன்ன காரணம் மூணு: எவ்வளவு பெரிய குற்றம் செஞ்சாலும் மனுஷனோட மாண்பு போயிடாது, மக்களைக் காப்பாத்த இப்போ வேற வழி இருக்கு, திருந்துற வாய்ப்பை நிரந்தரமா அடைக்கக் கூடாது. இதுல உங்களுக்கு எது ஒத்துவரலன்னு சொல்லுங்க.'

இந்தப் பதிலில் முதலில் அவர் சொன்னதை அவரே ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொல்லியிருக்கிறோம். உடன்படும் இடமும் வேறுபடும் இடமும் பிரிந்து தெரிகின்றன. பழைய பாடம் தப்பு என்று சொல்லாமல் மாறிய கதையைச் சொன்னோம். கடைசியில் அவர் பிடித்துப் பேச ஒரு குறிப்பிட்ட கேள்வியும் இருக்கிறது. அவர் உடனே 'நம்ம நாட்டு ஜெயில்ல எவன் கடைசி வரைக்கும் இருக்கான்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஆனால் அது சிறை நிர்வாகம் பற்றிய கேள்வி, வேறு படி. 'அது நடைமுறை சார்ந்தது, அதில் நீங்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம்' என்று விட்டுக்கொடுக்கலாம். விட்டுக்கொடுக்க முடிந்த இடத்தில் விட்டுக்கொடுங்கள். அப்புறம் நீங்கள் விட்டுக்கொடுக்காத இடத்தை அவர் கவனிப்பார்.

இது வெறும் நாசூக்கு இல்லை, இதுவே போதனைதான். மறைக்கல்வி 2478, அடுத்தவரின் சொல்லையும் செயலையும் முடிந்தவரை நல்ல பொருளிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. அதற்கு இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியாரின் வரிகளை எடுத்துக்காட்டுகிறது: அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை என்றால் என்ன பொருளில் சொன்னீர்கள் என்று அவரிடமே கேளுங்கள், அப்போதும் தவறாக இருந்தால் அன்போடு திருத்துங்கள் என்கிறார் அவர். பேதுருவின் முதல் திருமுகமும் விடையளிக்க எப்போதும் ஆயத்தமாயிருக்கச் சொல்லிவிட்டு, உடனே பணிவையும் மரியாதையையும் கேட்கிறது. முதல் பாதியை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் நம்மிடையே அதிகம்.

சாதி பற்றிப் பேசும்போது

இங்கேதான் 'மரியாதை' என்ற சொல் வாயடைக்கப் பயன்படுகிறது. தேர் எங்கள் தெருவுக்கு ஏன் வருவதில்லை என்று ஒருவர் கேட்பார். உடனே நான்கு பதில்கள் தயாராக வரும்: 'கோயில்ல ஏது சாதி?', 'இது ஆன்மிகக் குழு', 'பழசைக் கிளறாதீங்க', 'அது காலங்காலமா வர்ற வழக்கம்.' கடைசியாக அட்மின் வந்து 'அன்பும் ஒற்றுமையும் காப்போம்' என்று எழுதிக் குழுவைப் பூட்டுவார். கேட்டவர் குரலை உயர்த்தவே இல்லை. ஆனாலும் அவரே கலகக்காரர் ஆகிவிடுவார்.

இதை மரியாதை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சாதி வேற்றுமை, மேலே சொன்ன ஐந்தாவது படி இல்லை, இரண்டாவது படி. பால், இனம், நிறம், சமூக நிலை, மொழி, சமயம் ஆகியவற்றின் பேரால் அடிப்படை உரிமைகளில் காட்டும் பாகுபாடு கடவுளின் திட்டத்துக்கே எதிரானது என்று 'இன்றைய உலகில் திருச்சபை' ஏட்டின் 29ஆம் பத்தி சொல்கிறது. மறைக்கல்வி 1935 அதையே எடுத்தாள்கிறது. இந்திய ஆயர்கள் 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் இறந்தவர்களைப் பிரித்து நின்ற சுவர் பல ஆண்டுப் போராட்டத்துக்குக் காரணமாயிற்று. 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்டதை ஒட்டி எழுந்த மோதலில், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். 'கோயில்ல ஏது சாதி' என்பவர் இவற்றுக்கெல்லாம் என்ன பதில் வைத்திருக்கிறார்?

சரி, எப்படிப் பேசுவது? நடப்பதைப் பற்றிப் பேசுங்கள், ஆளின் பிறப்பைப் பற்றிப் பேசாதீர்கள். 'இந்தச் சாதிக்காரங்க எல்லாம் இப்படித்தான்' என்று எழுதினால் கேள்வி செத்துவிடும். 'தேர் போகும் தெருக்களின் பட்டியல் என்ன, யார் முடிவு செய்தது, எந்த ஆண்டு?' என்று கேட்டால் யாராவது பதில் சொல்லியே ஆக வேண்டும். தூம்பா (சவம் தூக்கும் பெட்டி) யாருக்குத் தருகிறார்கள், பீடப்பூக்கள் (பூசையில் உதவும் சிறார்), பாடகர் குழு, பேரவை இடங்கள் எல்லாவற்றுக்கும் இதே முறைதான். புதிதாகப் பங்கில் சேர்ந்தவரிடம் 'நீங்க எந்தத் தெரு?' என்று கேட்பது சில ஊர்களில் முகவரி விசாரிப்பது இல்லை என்பது நமக்கெல்லாம் தெரியும். விவாதத்தின் நடுவில் அதைக் கேட்காதீர்கள். யாராவது கேட்டால் கண்டுகொள்ளாமல் விடாதீர்கள்.

ஆதிக்கம் செலுத்தும் பிரிவைச் சேர்ந்தவராக நீங்கள் இருந்தால், முதல் பதிலை நீங்கள் எழுத வேண்டாம். பாதிக்கப்பட்டவர் சொல்லி முடிக்கட்டும். 'எங்க வீட்ல அப்படியெல்லாம் பார்க்கிறதில்ல' என்று உங்கள் குடும்பத்துக்கு நீங்களே நற்சான்றிதழ் எழுதாதீர்கள், கேள்வி உங்கள் வீட்டைப் பற்றியது இல்லை. தலித் குடும்பத்திலிருந்து பேசுகிறவர், தான் பட்ட அவமானத்தை ஒவ்வொரு முறையும் விலாவாரியாக நிரூபித்துக் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை.

இடஒதுக்கீடு பேச்சு வந்தால் ஒரு கேள்வி நிச்சயம் வரும்: 'கிறிஸ்தவத்துல சாதி இல்லேன்னா எஸ்.சி. சலுகை எதுக்கு?' இதற்குத் தயாராக இருங்கள். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி நிலையை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். அந்த இரண்டு சமயங்களும் சாதியை ஏற்பவை இல்லை. சமயம் சாதியை மறுத்தாலும் சமூகம் விடுவதில்லை என்பதால்தான் சேர்த்தார்கள், கிறிஸ்தவர்களும் இஸ்லாமியர்களும் அதே நியாயத்தைத்தான் கேட்கிறார்கள். இவர்களையும் சேர்க்கலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைந்தது. மாறுபட்ட கருத்து உள்ளவர் இதைக் கேட்டும் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம், அது அவர் உரிமை. ஆனால் வாதம் விவரத்தின் மேல் நடக்கும்.

பேசாமல் படித்துக்கொண்டிருப்பவர்கள்

குழுவில் வாதாடுவது ஐந்தாறு பேர், படிப்பது இருநூறு பேர். அந்த இருநூறில் யார் வீட்டில் என்ன நடந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

தற்கொலை பற்றிய பேச்சில் இதை மறக்கவே கூடாது. 'தற்கொலை பண்ணினவங்களைக் கோயிலுக்குள்ள கொண்டுவரக் கூடாது' என்று இன்றைக்கும் பெரியவர்கள் சொல்வார்கள். 1917ஆம் ஆண்டுச் சட்டத்தில், வேண்டுமென்றே உயிரை மாய்த்துக்கொண்டவர்களுக்குத் திருச்சபை அடக்கம் மறுக்கப்பட்டிருந்தது உண்மை. 1983ஆம் ஆண்டுச் சட்டம் அடக்கம் மறுக்கப்படுவோர் பட்டியலிலிருந்து அவர்களை எடுத்துவிட்டது. கடும் மனநோய், வேதனை, அச்சம் ஆகியவை பொறுப்பைக் குறைக்கும் என்றும், அவர்களின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது என்றும் மறைக்கல்வி 2282, 2283 சொல்கின்றன. தூக்கில் தொங்கிய மகனை அடக்கம் செய்துவிட்டு வந்த ஒரு தாய் இதைப் படிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு எழுதுங்கள். சில பங்குகளில் உண்மையிலேயே அப்படி ஒருவர் படித்துக்கொண்டிருப்பார்.

ஓரினச் சேர்க்கையாளர் பற்றிய பேச்சும் அப்படித்தான். 2023 டிசம்பர் 18 அன்று வத்திக்கான் வெளியிட்ட 'ஃபிதூசியா சுப்ளிகான்ஸ்' அறிக்கை வந்ததும் 'ஓரினத் திருமணத்துக்கு அனுமதி' என்று செய்தி பரவியது. அது சொன்னது வேறு: திருமணம் பற்றிய போதனை மாறவில்லை, அந்த உறவைத் திருமணம் போலக் காட்டும் சடங்கு கூடாது, ஆனால் ஆசீர் கேட்டு வருகிறவர்களுக்குக் குரு எளிமையாக ஆசீர் தரலாம். ஆப்பிரிக்க ஆயர்கள் தங்கள் நாடுகளில் அதைச் செயல்படுத்த முடியாது என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். ஆயர்களே இப்படி மாறுபட்டுப் பேசியிருக்கும்போது, நீங்கள் எந்தப் பக்கம் நின்றாலும் பேசலாம். ஆனால் கேலி கூடாது. ஒழுக்கப் போதனையைச் சொல்லும் மறைக்கல்வி 2357ஐ எடுத்துப் போடுகிறவர், மரியாதை, இரக்கம், கனிவு காட்ட வேண்டும், அநியாயமான பாகுபாடு கூடாது என்று சொல்லும் 2358ஐயும் சேர்த்துப் போட வேண்டும். அடுத்தடுத்த எண்கள்தான், கண்ணில் படாமல் போயிருக்க முடியாது.

விவாதத்துக்கு வராதவை

குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் பற்றி யாராவது குழுவில் குறிப்பிட்டால், அதை 'இரு தரப்பும் பேசும்' விஷயமாக்காதீர்கள். போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, தெரிந்தவர் எவரானாலும் போலீசிடம் தெரிவித்தாக வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அழைக்கலாம். குழந்தையின் பெயர், படம், பள்ளி எதுவும் குழுவில் வரக் கூடாது, வந்தால் உடனே நீக்கச் சொல்லுங்கள். 'திருச்சபையின் பெயர் கெட்டுவிடும்' என்று அமுக்குவதைத் திருச்சபைச் சட்டமே ஏற்கவில்லை. குருக்களும் துறவியரும் இப்படிப்பட்டதை அறிந்தால் திருச்சபை அதிகாரிகளிடம் தெரிவித்தே ஆக வேண்டும் என்று 2019இல் போப் பிரான்சிஸ் ஆணை பிறப்பித்தார்.

இன்னாருடைய திருமணம் ஏன் முறிந்தது, திருவிழாக் கணக்கில் யார் கைவைத்தார் போன்றவையும் குழுவுக்கானவை இல்லை. கணக்கு கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் பேரவையில் கணக்கு நோட்டை வைத்துக்கொண்டு கேளுங்கள். ஒருவரின் நற்பெயரைச் சட்டவிரோதமாகக் கெடுக்க யாருக்கும் அனுமதி இல்லை என்கிறது திருச்சபைச் சட்டம் 220. தவறு செய்த சகோதரனிடம் முதலில் தனியாகப் போய்ப் பேசச் சொல்கிறது மத்தேயு 18.

சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்து உறவினர்கள் இருக்கும் குடும்பக் குழுக்களில் மாதா வணக்கத்தை இழுக்காதீர்கள். அவர்கள் இழுத்தால் ஒருமுறை விளக்கிவிட்டு விடுங்கள். ஐந்நூறு ஆண்டுச் சண்டை கல்யாண வீட்டுக் குழுவில் தீராது.

நடைமுறையில் சில

பதில் எழுதும்போது எந்தச் செய்திக்குப் பதில் என்று அதையே இழுத்துக் காட்டி எழுதுங்கள், இல்லாவிட்டால் யாருக்குச் சொன்னது என்பதிலேயே புதுச் சண்டை வரும். குரல்பதிவு வேண்டாம். கோபம் குரலில் இரட்டிப்பாகத் தெரியும், யாரும் அதிலிருந்து ஒரு வரியை மட்டும் சரிபார்க்கவும் முடியாது. இரவு பத்துக்கு மேல் வந்த செய்திக்குக் காலைப் பூசைக்குப் பிறகு பதில் போட்டால் ஒன்றும் கெட்டுவிடாது. ஒரே ஆளோடு மூன்று முறை போய் வந்துவிட்டது என்றால் போனில் கூப்பிடுங்கள். இன்னும் நல்லது, ஞாயிறு பூசை முடிந்து வாசலில் பிடித்துக்கொள்ளுங்கள்.

அன்பியக் கூட்டத்தில் பேசுவதென்றால், 2023இல் ரோமில் ஆயர் மாமன்றத்தின் வட்ட மேசைகளில் கையாண்ட முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். முதல் சுற்றில் ஒவ்வொருவரும் தன் கருத்தைச் சொல்வார், யாரும் குறுக்கிட மாட்டார்கள். கொஞ்ச நேரம் மௌனம். இரண்டாவது சுற்றில் தன் கருத்தைத் திரும்பச் சொல்லக் கூடாது, மற்றவர் சொன்னதில் தன்னைத் தொட்டது எது, உறுத்தியது எது என்று மட்டும் சொல்ல வேண்டும். மறுபடி மௌனம், அப்புறம்தான் பொதுவான முடிவைத் தேடுவது. நம் கூட்டங்களில் அந்த மௌனத்தைக் காப்பதுதான் கஷ்டம், யாராவது உடனே பாட்டு ஆரம்பித்துவிடுவார்கள். நடத்துகிறவர் கடிகாரத்தைப் பார்த்துப் பிடிவாதமாக இருக்க வேண்டும். இரண்டாவது சுற்றில்தான், வழக்கமாக வாயே திறக்காத பெண்கள் சொன்னது என்ன என்று ஆண்கள் முதல் தடவையாகத் திரும்பச் சொல்ல வேண்டிவரும்.

விஷயம் பங்கில் தீரவில்லை என்றால் எழுதுங்கள். முதலில் பங்குத்தந்தைக்கு, பதில் வராவிட்டால் நகலோடு மறைமாவட்ட ஆயருக்கு. ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். என்ன நடந்தது, எந்தத் தேதியில், எந்தப் போதனைக்கு அல்லது எந்தச் சட்ட எண்ணுக்கு அது முரண், நீங்கள் கேட்பது என்ன, இவ்வளவுதான். பலர் சேர்ந்து எழுதினால் ஒவ்வொருவரும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும், வெறும் பெயர்ப் பட்டியல் ஒட்டாதீர்கள். மொட்டைக் கடிதம் எழுதாதீர்கள், அதை யாரும் மதிப்பதில்லை. ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.